கவிழ்த்து வைத்த எஞ்சின்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் தெருவில் எல்லோருக்கும் அவர் ‘பார்க்கலாம்’ மெக்கானிக். வண்டி எப்போது கிடைக்கும் என்று கேட்டால் பார்க்கலாம் என்பார். பழைய மாடலுக்கு உதிரிப் பாகம் கிடைக்குமா என்றால் அதற்கும் பார்க்கலாம். முப்பது வயதில் பெண் பார்க்கட்டுமா என்று வீட்டார் கேட்டபோது அதே பதில். நாற்பதில் தங்கை கேட்டபோதும் அதே பதில். அதற்கப்புறம் கேட்பாரில்லை. “பார்க்கலாம் பார்க்கலாம்னே ஒண்ணையும் பார்க்காம விட்ட மனுஷன்” என்று பக்கத்துப் பட்டறை டிங்கர் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிச் சிரிப்பார். இவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

பட்டறை ஒரு சந்தின் கோடியில் இருந்தது. டிங்கர் பட்டறையை விட்டால் இரண்டு பக்கமும் சரக்குக் கிடங்குகள். வேலை நாட்களில் லாரிச் சத்தம் காதைப் பிளக்கும். ஞாயிற்றுக்கிழமை ஷட்டர்கள் இறங்கிவிட்டால் காக்கை குருவி கூட எட்டிப் பார்க்காது. பெரிய வேலைகளை அவர் அந்த ஞாயிறுகளில்தான் எடுத்துக்கொள்வார். வீட்டில் இருந்து என்ன செய்வது? ஓர் அறை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்.

முன்பு இப்படி இல்லை. தங்கையின் கணவன் இதே பட்டறையில் அவரோடு பல வருஷம் வேலை செய்தான். எஞ்சினை இறக்கினால் இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவன். மத்தியானம் தங்கை சாப்பாட்டுக் கூடையோடு வருவாள், இடுப்பில் பிள்ளை. பிறகு வேறு ஊரில் ஒரு பெரிய சர்வீஸ் கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்தது. போகாதே என்று எந்த வாயால் சொல்வது? சண்டை இல்லை, மனஸ்தாபம் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் போனார்கள். வாரம் ஒரு போன் என்பது மாதம் ஒன்றானது. பிறகு நல்லது கெட்டதுக்கு மட்டும் என்றானது. யார் மேலாவது குறை சொல்ல இடமிருந்திருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய இரும்பு மேசை மேல் இருந்தது டிரைவிங் ஸ்கூல் டீச்சருடைய காரின் எஞ்சின். டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத் தருபவர். ஒரே ஒரு கார்தான், ஸ்கூல் என்பதும் அதுதான். ஒரு நாள் பாடத்தின் நடுவில் அது சூடேறிப் புகை கக்கி நின்றுவிட்டது. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

முந்தின நாளே எஞ்சினை வெளியே எடுத்து, மேலே இருக்கும் ஹெட்டைக் கழற்றி, அடியில் ஆயில் நிற்கும் சட்டியையும், முன்னும் பின்னும் இருக்கும் மூடிகளையும், ஃப்ளைவீல் சக்கரத்தையும் எடுத்துவிட்டார். மிச்சமிருந்தது சிலிண்டர் பிளாக். எஞ்சினின் உடம்பே அதுதான். நாலு குழியும் குழிக்கொரு பிஸ்டனுமாக வார்ப்பிரும்புக் கட்டி. அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, இரண்டு மரக்கட்டைகள் மேல் உட்கார வைத்திருந்தார். கவிழ்த்தால்தான் கிராங்க் கண்ணுக்குத் தெரியும். எல்லாப் பிஸ்டனும் சேர்ந்து சுழற்றுகிற, வளைந்து வளைந்து போகிற அந்தத் தண்டை ஐந்து இரும்பு மூடிகள் பிளாக்கோடு பிடித்துக்கொண்டிருக்கும். பிஸ்டன் தண்டுகளின் நட்டுகளை அன்று காலையிலேயே கழற்றியாகிவிட்டது. அடுத்து அந்த ஐந்து மூடிகள்.

பிளாக் கொஞ்சம் தள்ளி இருந்தது. தன் பக்கம் ஒரு சாண் இழுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். உத்தரத்தில் செயின் புல்லி தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு வந்து, கொக்கி மாட்டி, ஏற்றி, நகர்த்தி, இறக்கி, ஒரு சாணுக்கு இவ்வளவு கூத்தா என்று தோன்றியது. இடது கையை அடியில் விட்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, வலது தோளால் பிளாக்கை ஒரு நெம்பு நெம்பினார். கட்டையில் ஆயில் ஊறியிருந்தது. அது சோப்பு மாதிரி வழுக்கி, மேசை விளிம்பைத் தாண்டித் தரையில் போய் விழுந்தது. பிளாக்கின் அந்த முனை அவருடைய நடுவிரல் மேலும் மோதிர விரல் மேலும் உட்கார்ந்தது.

முதலில் வலி தெரியவில்லை. கையை எடுக்க வரவில்லை என்பதுதான் தெரிந்தது. பிறகு வலி வந்தது. உச்சந்தலை வரைக்கும் ஏறி, கண் இருட்டியது. விழுந்தால் விரல் பிய்ந்துவிடும் என்று உடம்புக்கே தெரிந்திருக்க வேண்டும். நெற்றியை பிளாக்கின் மேல் வைத்து அப்படியே நின்றார். மறுமுனைக் கட்டை நகரவில்லை. முழுக் கனமும் இறங்காமல் இருந்தது அதனால்தான்.

வலது கையால் தூக்கிப் பார்த்தார். பிடிக்க ஒரு பிடி இல்லை. எங்கே தொட்டாலும் ஆயில். மயிரிழை எழும்பியது, மறுபடி உட்கார்ந்தது. அந்த உட்காரலில் அவர் பல்லைக் கடித்த சத்தம் அவருக்கே கேட்டது. செயின் புல்லி நாலு முழத்துக்கு அப்பால். கடப்பாரை கதவோரம். போன் சட்டைப் பையில், சட்டை எதிர்ச் சுவர் ஆணியில்.

கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தார். என்னவென்று கூப்பிடுவது? அந்த நிலைமையிலும் அவருக்குக் கூச்சமாக இருந்தது. சத்தம் போட்டு யாரையாவது கூப்பிட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது.

“யாராவது இருக்கீங்களா?”

குரல் பாதியில் உடைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கூப்பிட்டார். எதிர்க் கிடங்கின் தகர ஷட்டர் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. சந்து முனையில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. சைலன்சர் ஓட்டையான வண்டி. ஓட்டுகிறவனுக்குத் தன் சத்தமே கேட்டிருக்காது.

டிங்கர் நாளைக் காலையில்தான் வருவார். அதுவரைக்கும் தன்னைத் தேட யார் இருக்கிறார்கள் என்று யோசித்தார். வீட்டுக்காரர்? மாதம் பிறந்தால்தான். மெஸ்காரர்? இரண்டு வேளை வராவிட்டால் வேறு மெஸ்ஸுக்குப் போய்விட்டதாக நினைப்பார். தங்கை? யோசனை அங்கே வந்து நின்றுகொண்டது. அதற்கு மேல் ஆள் இல்லை.

அப்போது போன் அடித்தது.

சட்டைப் பைக்குள் வெளிச்சம் தெரிந்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது. ஞாயிற்றுக்கிழமை அவரைத் தேடி ஒரு போன் வருவதே அபூர்வம். அது இன்றைக்குப் பார்த்து இரண்டு தடவை வருகிறது. “காதுக்கு எட்டினது கைக்கு எட்டலையே” என்று பழமொழியை மாற்றிப் போட்டு முணுமுணுத்தார். சிரிப்பு கூட வந்தது. சிரித்தபோது உடம்பு குலுங்கி விரல் தெறித்தது.

மேசை மேல் வலது கைக்கு எட்டின தூரத்தில் இருந்தவற்றைப் பார்த்தார். பாக்ஸ் ஸ்பேனர், அதன் கைப்பிடியில் செருக ஒரு துண்டுக் குழாய், சிறு சுத்தியல், ஒரு பெரிய ரிங் ஸ்பேனர், வேஸ்ட் துணி. இன்றைக்குச் செய்ய இருந்த வேலைக்கான சாமான்கள். அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு வேலையை முடித்துவிட்டால் என்ன என்று தோன்றியது. கிராங்கைக் கழற்றி எடுத்துவிட்டால் கனம் குறையும். அதோடு, கிராங்க் படுத்திருந்த பள்ளம் காலியாகும். கை விட்டுப் பிடிக்க ஒரு பிடி கிடைக்கும்.

மூடிக்கு இரண்டு போல்ட். தூரத்து மூடியிலிருந்து தொடங்கினார். குழாயைச் செருகி அழுத்தினால் போல்ட் ‘டிக்’கென்று விடும். விடுகிற நொடியில் பிளாக் ஒரு நூல் அசையும். அந்த ஒரு நூலும் விரல் மேல்தான். ஒவ்வொரு போல்ட்டுக்கும் முன்னால் மூச்சை இழுத்துக்கொண்டார். சில போல்ட்டுக்குக் கெட்ட வார்த்தை தேவைப்பட்டது. கேட்க ஆளில்லாததால் தாராளமாகச் சொன்னார். மூடிகள் போல்ட் போன பிறகும் இறுகிப்போய் உட்கார்ந்திருந்தன. சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினால்தான் அசையும். அந்தத் தட்டும் விரலுக்கு வந்து சேர்ந்தது. நடுவில் ஒரு முறை போன் மூன்றாவது தடவையாக அடித்தது. “இருங்க, வர்றேன்” என்று அதனிடம் சொன்னார்.

கடைசி மூடி அவர் கைக்கு நேர் மேலே இருந்தது. அதில்தான் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வலியால் மட்டும் வந்த நீர் என்று சொல்ல முடியாது.

கிராங்கின் நடுவில் கையைக் கோத்துத் தூக்கினார். நாலு வயதுப் பிள்ளையின் கனம் இருக்கும். தங்கை பையன் பட்டறைக்கு வந்து வளைய வந்த வயதில் அவனை ஒரு கையால் இப்படித்தான் தூக்குவார், அவன் காலை உதறுவான். கிராங்க் உதறவில்லை. ஆனால் தண்டுகளில் மாட்டி இழுத்தது. முழங்கையை உயர்த்தி, மார்பில் அணைத்து வெளியே எடுத்தார். தூக்கித் தரையில் வீசியிருந்தால் வேலை சுலபம். ஆனால் கீறல் விழுந்தால் அது ஆயுசுக்கும் வீண். அந்த நேரத்திலும் அவருக்கு மனசு வரவில்லை. வேஸ்ட் துணியை அதே கையின் சுண்டு விரலால் இழுத்துப் பரப்பி, அதன் மேல் படுக்க வைத்தார்.

பிறகு காலியான பள்ளத்தில் கையை விட்டு, நடுவில் குறுக்கே ஓடும் இரும்பை முழங்கை மடிப்பில் கோத்து, காலை ஊன்றித் தோளை நிமிர்த்தினார். பிளாக் எழும்பியது. ஒரு விரல் அகலம், அவ்வளவுதான். இடது கையை உருவிக்கொண்டார்.

தரையில் உட்கார்ந்தார். விரல் இரண்டும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. மோதிர விரல் நுனி தட்டையாக, யாருடைய விரலோ மாதிரி இருந்தது. நாலாவது முறை போன் அடித்தபோது எழுந்து போய் எடுத்தார். டீச்சர்.

“என்னண்ணே, எத்தனை தடவை கூப்பிடறது? முதல் மணியிலேயே எடுக்கற ஆள் நீங்க.”

“கை வேலையா இருந்துட்டேன் டீச்சர்.”

“என் வண்டிக்கு என்ன சீக்குன்னு இன்னிக்குச் சொல்றேன்னீங்களே.”

“கிராங்க் நல்லா இருக்கு. ரெண்டாவது சிலிண்டர்ல கோடு விழுந்திருக்கு. குழியைக் கடைஞ்சு போர் பண்ணணும்” என்றார். தன் குரல் வழக்கம்போல இருந்தது அவருக்கே ஆச்சரியம்.

“எப்ப முடியும்?”

“பார்க்கலாம்” என்றார்.

கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பட்டறையைப் பூட்டினார். ஒரு கையால் ஷட்டரை இறக்குவது எப்படி என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனார். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு விரலிலும் எலும்பு முறிவு, மோதிர விரலைத் திறந்து கம்பி வைக்க வேண்டும் என்றார் டாக்டர். நர்ஸ் வந்து நின்றாள்.

“கூட யார் வந்திருக்கா?”

“யாரும் இல்லைம்மா.”

“ஊசி போட்டா தலை சுத்தும். கூட ஒரு ஆள் இருந்தாகணும். வீட்டுல யாராச்சும்?”

“இருக்காங்க” என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்த் தங்கையைக் கூப்பிட்டார். அவ்வளவு தூரத்தில் இருப்பவள் வந்து நிற்க முடியாது என்பது தெரியும். ஆனாலும் கை அந்த நம்பருக்குத்தான் போனது. போனை எடுத்தபோது அவளுக்குப் பின்னால் ஒரே பேச்சுச் சத்தம்.

“அண்ணா? என்னண்ணா, என்ன விசேஷம்?”

அவர் சொல்ல வைத்திருந்தது அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

“விசேஷம் ஒண்ணுமில்ல. சும்மாதான்.”

“சும்மாவா? நீயா?” அவள் சிரித்தாள். “வீட்டுக்கு ஆளுங்க வந்திருக்காங்கண்ணா. அப்புறம் கூப்பிடட்டுமா?”

“சரிம்மா. நீ பாரு.”

பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கிழவருக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். ஒருத்தி விசிறினாள், ஒருத்தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான், இன்னொருத்தன் சும்மா நின்றான். சும்மா நிற்கிற அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டீச்சரைக் கூப்பிட்டார்.

“டீச்சர், ஒரு பொய் சொல்லிட்டேன்.”

“போர் பண்ண வேண்டாமா?”

“அது இல்ல” என்று ஆரம்பித்துச் சொன்னார்.

டீச்சர் ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது முகத்தில் கோபம்தான் இருந்தது. கையைப் பார்த்ததும் கோபம் போய், திரும்பவும் வந்தது. “ஒரு ஆள் செய்யற வேலையாண்ணே இது?” என்றார். இவர் பதில் சொல்வதற்குள் நர்ஸ் வந்துவிட்டாள்.

“நீங்க இவருக்கு என்ன வேணும்?”

“எனக்கு என் கார் வேணும்” என்றார் டீச்சர்.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

“தங்கச்சின்னு போட்டுக்கங்க” என்றார் டீச்சர், கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டே.

விரல் போகவில்லை. ஆனால் கட்டு பிரிக்கிற வரைக்கும் இடது கையால் ஒரு துரும்பைக் கூட எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிளாக்கை டிங்கர் லேத் பட்டறைக்கு ஏற்றி அனுப்பினார். குழிகளைக் கடைந்து புது அளவில் திரும்பி வந்தது. அதற்கு மேல் டிங்கருக்கும் அவர் வேலை தலைக்கு மேல். கழற்றின எஞ்சினை மாட்டுவதற்கு இரண்டு கை வேண்டும், ஒன்றுதான் இருந்தது.

“வேற ஒருத்தர் கிட்ட அனுப்பி வெக்கறேன் டீச்சர்” என்றார்.

“எதுக்கு? வண்டி இல்லாம நானும் சும்மாதானே இருக்கேன். என்ன பிடிக்கணும், எங்க பிடிக்கணும்னு சொல்லுங்க.”

பழைய சுடிதாரில் தினமும் காலையில் வந்தார். பிஸ்டன் வளையத்தை அமுக்கிப் பிடிப்பது, மூடியை நேராக உட்கார வைப்பது, போல்ட்டைக் கையால் சுற்றிக் கொடுப்பது எல்லாம் செய்தார். இறுக்குவது இவர். “போதும், நிறுத்துங்க” என்று இவர் சொன்னால் டீச்சரின் கால் தானாகத் தரையை அழுத்தும். வருஷக்கணக்காகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் மிதித்த கால். இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கை வேலை செய்ய, டீச்சரின் வாயும் வேலை செய்தது. மாமனார், மாமியார், நாத்தனார், மூன்று பிள்ளைகள். “எங்க வீட்டுல பாத்ரூமுக்குக்கூட வரிசைண்ணே. ஒரு கதவைச் சாத்திட்டு ஒரு மணி நேரம் உக்காந்தேன்னு இல்ல. கார்ல கூட பக்கத்துல ஒருத்தி பயந்துகிட்டே ஓட்டறா.” மூடியைத் துடைத்தபடி பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். “உங்களுக்கென்ன, குடுத்து வெச்சவர். சாத்தினா நீங்களும் உங்க நிழலும்.”

“ஆமா டீச்சர்” என்றார் இவர். வேறென்ன சொல்ல?

எஞ்சின் காரில் ஏறி, முதல் சாவியில் ஒரு இருமல் இருமி, இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். “முன்னைக்கு இப்ப நல்லா இருக்கு” என்றார். “வரேண்ணே. இனிமே ஞாயித்துக்கிழமை பட்டறையைத் திறந்தீங்கன்னு கேள்விப்பட்டேன், அவ்வளவுதான்.” கார் சந்து முனையில் திரும்பிப் போனது. மறுநாள் காலை அந்த நேரத்துக்கு அவர் இரண்டு தடவை வாசலைப் பார்த்தார். அப்புறம் பார்க்கவில்லை. வேலை இருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம், அறையில் ராத்திரிச் சோற்றுக்கு அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தபோது தங்கை கூப்பிட்டாள். அன்றைக்கு அப்புறம் பேசுகிறேன் என்று சொன்னது இப்போதுதான் நினைவு வந்ததாம். இந்த முறை அவர் ஒளிக்கவில்லை. கட்டை வழுக்கியதிலிருந்து சொன்னார்.

“அப்ப அன்னிக்கு நீ ஆஸ்பத்திரியில இருந்தா பேசின?”

“ஆமா.”

“ஏண்ணா சொல்லல?”

“என்ன விசேஷம்னு கேட்ட. எனக்கு எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு அவளுடைய கணவன் போனை வாங்கினான். “மச்சான், கடைசி மூடியை எப்படி எடுத்தீங்க? கை அதுக்கு அடியில தானே?” என்றான். அதைத்தான் முதலில் கேட்டான். இவர் விவரமாகச் சொன்னார். அவன் “ஐயோ” என்று மெல்லச் சொன்னான். அடுத்த மாசம் லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்றான். கிடைக்குமா என்று அவனுக்கும் தெரியவில்லை, இவரும் கேட்கவில்லை.

தங்கை திரும்ப போனை வாங்கி, எண்ணெய் தேய், வெந்நீரில் கையை வை, மெஸ் சாப்பாடு வேண்டாம் என்று அடுக்கிக்கொண்டே போனாள். அதற்குள் அவள் வீட்டில் பால் பொங்கிவிட்டது போலிருக்கிறது. “இருண்ணா” என்று போனை எங்கோ வைத்துவிட்டு ஓடினாள்.

திரும்பி வரவில்லை. மறந்துவிட்டாள். பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. பையன் துண்டைக் காணோம் என்று கத்தினான். கொடியில பாரு என்றாள். கொடியில இல்லை என்றான். கண்ணைத் திறந்து பாரு என்றாள். டிவியில் யாரோ ஏதோ சொல்ல மாப்பிள்ளை சிரித்தான். குழாய் திறந்தது, மூடியது. ஒரு நாற்காலியைத் தரையில் இழுத்தார்கள்.

அவரும் துண்டிக்கவில்லை. போனைத் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, சோற்றை வடித்து, போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அங்கே துண்டு கிடைத்துவிட்டது. கதவுக்குப் பின்னால் இருந்ததாம். இவர் மெல்லச் சாப்பிட்டார். பேட்டரி தீர்ந்து போன் அணைகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.